ஜன்னல் வைத்த போர்வை

கத்திரிக்கு அழத் தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது. துணி என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், மலைக்கே சட்டை தைக்க அளவெடுக்கக் கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிநேகிதியின் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முழித்துக்கொண்டிருந்தாள்.

சிநேகிதி அப்போதுதான் சொல்லியிருந்தாள்: “எட்டு கீமோல நாலு போட்டாச்சு. போதும். வர்ற வியாழக்கிழமை நான் போகப் போறதில்ல.”

சிநேகிதிக்குத் தையற்கூடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். சுருக்கிப் பூதம். ஆள் என்னவோ ஒரு கைப்பிடிதான். ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பிய பிசிறு இன்னும் பிறக்கவில்லை. நர்ஸ் கோட்டு, காவலாளி சட்டை, பள்ளிக்கூடப் பாவாடை என்று சீருடைகள் தைக்கும் அந்தக் கூடத்தில் கத்திரி வெட்டுவாள். பன்னிரண்டு மெஷின்கள் தைக்கும். தைத்தது சுற்றிக்கொண்டு வந்து அதே நீள மேசைக்குத்தான் சேரும். மேசைக்கு இந்தப் பக்கம் கத்திரி, அந்தப் பக்கம் பூதம். பதினேழு வருஷமாக எதிரும் புதிருமாக இருவரும். பூதம் எந்தத் துணியையும் நேராகப் பார்க்கமாட்டாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒரே உதறலில் உள்பக்கம் வெளியே வரப் புரட்டிவிடுவாள். “வெளிப்பக்கம் விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி பேசும். உள்பக்கம்தான் வீட்ல பேசுற மாதிரி பேசும்” என்பாள். தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. முடிச்சு விழுந்த துணியைத் தைத்தவர் திருத்தி மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பூதம் போட்ட முடிச்சைப் பூதமே பார்த்து அவிழ்க்க வேண்டும். வேறு யார் கை வைத்தாலும் அன்றைக்குக் கூடத்தில் பூகம்பம்தான். மேஸ்திரியே கை வைக்கமாட்டார்.

“பாதிக் கிணறு தாண்டினா என்னடி ஆகும்?” என்றாள் கத்திரி ஒருவழியாக. “உள்ளதான் விழுவே.”

“விழுந்துட்டுப் போறேன். கிணத்துலயாவது ஏசி இருக்காது.”

“என்னது?”

“குளிருடி! மருந்தைக்கூடப் பொறுத்துக்குவேன். வாந்தி வருது, போகுது. முடி போச்சு, சீப்பு மிச்சம். ஆனா அந்த ஹால் இருக்கே, ஐஸ் பெட்டிக்குள்ள மீனைப் படுக்க வச்ச மாதிரி. நாலரை மணி நேரம்! ஊசி குத்தின கை வெளியவே கிடக்கணும், நர்ஸ் வந்து வந்து பாக்கணுமாம். கையிலேருந்து குளிர் ஏறி ஏறி, கடைசியில பல்லு தந்தி அடிக்குது. அவங்க குடுக்கிற போர்வையை இழுத்து மூடினா சோப்பு வாசனை. குடலே வெளிய வந்துடுது. வியாழக்கிழமைய நெனச்சா திங்கக்கிழமையே நடுக்கம் வருதுடி எனக்கு.”

வாசல் நிலையில் சாய்ந்திருந்த பூதத்தின் வீட்டுக்காரர் கையை விரித்தார். இரண்டு நாளாக அவரும் பேசிப் பேசித் தோற்றிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கத்திரியைப் பார்த்து, ‘நீயாவது ஏதாவது செய்’ என்பதுபோல் மோவாயை அசைத்தார்.

கத்திரியின் முகமோ பாருங்கள், மழை விட்ட வானம் மாதிரி தெளிந்துகொண்டு வந்தது. தொடைக்கடியில் இருந்த கைகள் வெளியே வந்துவிட்டன.

“குளிர்தானே? வேற ஒண்ணுமில்லையே? நோய் டாக்டர் சமாச்சாரம், அதுல நான் வாயைத் தொறக்க முடியாது. குளிர் துணி சமாச்சாரம்டி! அது என் டிபார்ட்மெண்ட்டு! அண்ணே, கேட்டீங்களா? குளிராம்!”

“இவ எதுக்கு இப்படிக் குதிக்கிறா?” என்றாள் பூதம்.

“உனக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைக்கிறேன். கனமில்லாம, வாசனையில்லாம. கைக்கு மட்டும் ஒரு ஜன்னல் வச்சு. நர்ஸ் ஜன்னலைத் தொறந்து பாத்துட்டு மூடிட்டுப் போகட்டும். மத்ததெல்லாம் உள்ள. காலுக்குப் பை. வியாழக்கிழமை காலையில ஆஸ்பத்திரி வாசல்ல உன் கையில குடுக்கிறேன்.”

“அஞ்சு நாள்லயா? நீ ஒரு பாக்கெட்டை நேரா வெட்டவே அஞ்சு நாள் எடுப்பியே.”

“தச்சுட்டா வருவியா?”

பூதம் யோசித்தாள். தலையில் கட்டியிருந்த துணியை ஒருதரம் சரிசெய்துகொண்டாள். “வரேன். ஆனா நான் செக் பண்ணுவேன். தப்பு இருந்தா போர்வையும் திரும்பும், நானும் வீட்டுக்குத் திரும்புவேன். அப்புறம் யாரும் என்னைக் கெஞ்சக் கூடாது. சரியா?”

“சரி!” என்று கத்திரி சொல்லிவிட்டாள். தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பதினேழு வருஷத்தில் பூதம் தப்பே கண்டுபிடிக்காத துணி எத்தனை? விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

ஆனால் ஒப்புக்கொண்டாயிற்று. நடை ஓட்டமாயிற்று.

சனிக்கிழமை காலை மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன்பே மேசைமேல் அளவுக்கோலால் தட்டினாள் கத்திரி.

“எல்லாரும் கேளுங்க! நம்ம பூதத்துக்குப் போர்வை. புதுத் துணி வேண்டாம், கஞ்சி வாசனை அவளுக்கு ஆகாது. நூறு தடவை தோய்ச்சு, உடம்போட உடம்பா பழகின பருத்தித் துணி வேணும். உங்க வீட்லயே ரொம்ப மெத்துனு இருக்கிறது எதுவோ, குடுக்க மனசு வராதது எதுவோ, அதைக் கொண்டாங்க. நாளைக்குக் காலையில என் வீட்டுக்கு!”

“எனக்கு மெத்துனு இருக்கிறது என் நைட்டிதான் அக்கா, மஞ்சள்ல பெரிய பெரிய பூ. அதைப் போர்வையில வச்சா பூதக்கா பயந்துடும்” என்றாள் காலர் தைப்பவள்.

“கொண்டா! உள்பக்கம் போட்டுடலாம். வெளிப்பக்கம் அழகா ஆகாச நீலத்துல ஒரே துணி. என்கிட்ட பழைய படுக்கை விரிப்பு ரெண்டு இருக்கு. ஒட்டுத்துணி எல்லாம் உள்ள. யாருக்கும் தெரியாது.”

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். சிரிப்பு என்பதை இரவல் வாங்கியாவது முகத்தில் வைத்துப் பார்த்தவர் இல்லை அவர். “வேலை நேரத்துல இதெல்லாம் கூடாது. சாப்பாட்டு நேரத்துல வச்சுக்கோங்க” என்றார். எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிய பின், கத்திரியின் பக்கமாக வந்து நின்று, யாருமில்லாத திசையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “என்கிட்ட ஒரு பைஜாமா இருக்கு. செவப்புக் கோடு போட்டது. பன்னெண்டு வருஷமா போடுறேன். அதுமாதிரி மெத்துனு உலகத்துல துணி கிடையாது.”

“குடுங்க சார்!”

“குடுக்கிறேன். ஆனா உள்பக்கம். வெளிய தெரிஞ்சுதுனு வச்சுக்கோ…”

“தெரியாது சார். தெரிஞ்சா என் கையை வெட்டிக்கிறேன்.”

“கை வேணும். திங்கக்கிழமை முந்நூறு சட்டை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரியின் வீட்டு மொட்டை மாடியில் கால் வைக்க இடமில்லை. பிளவுஸ் துணி, துண்டு, மேல்சட்டை, பிள்ளை படுத்த விரிப்பு, திரைச்சீலை, நைட்டி, பைஜாமா. எல்லாவற்றையும் வெறும் வெந்நீரில் நாலு தடவை அலசி வெயிலில் போட்டாயிற்று. இப்போது பரீட்சை. பரீட்சை அதிகாரி அவள் வீட்டுக்காரர். அவர் ரொட்டிக்கடை அடுப்பில் வேலை செய்பவர். மாவு புளித்ததா இல்லையா என்று தள்ளி நின்றே மூக்கால் சொல்லிவிடுவார்.

“என்னை மோப்ப நாய் ஆக்கிட்டியேம்மா” என்றபடி ஒவ்வொன்றாக முகத்தில் வைத்து இழுத்தார். “இது சரி. இது சரி. இதுல லேசா சோப்பு, இன்னொரு தடவை அலசு. ஐயோ, இந்தப் பச்சைத் திரையில பாச்சா உருண்டை!”

“நாலு தடவை அலசியுமா?”

“நாப்பது தடவை அலசினாலும் போகாது. தூக்கிப் போடு. இது யாரோட பைஜாமா?”

“கேக்காதீங்க. வாசனை இருக்கா?”

“இல்ல. ஆனா ரொம்பக் கண்டிப்பான ஆளு மாதிரி தெரியுது” என்றார். கத்திரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று மத்தியானமே வெட்டத் தொடங்கிவிட்டாள். பஞ்சை மெல்லிசாக விரித்து, மேலே நீலம், கீழே ஒட்டுத்துணிகள். கால்பக்கத்தை மடித்து இரண்டு ஓரமும் மூடினால் பாதம் நுழைய ஒரு பை. அடுத்தது ஜன்னல். சாக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டாவது கீமோவுக்குத் துணைக்குப் போனபோது பார்த்த காட்சியை மனசில் கொண்டுவந்தாள். எதிரே சாய்வு நாற்காலி, அதில் பூதம், பக்கத்தில் மருந்துப் பை தொங்கும் கம்பி. “கம்பி இந்தப் பக்கம். ஊசி இந்தப் பக்கம்” என்று தன் கையை ஆட்டி உறுதிசெய்துகொண்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கிழித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். ஒரு மூடி, மூன்று துணிப் பொத்தான்கள், மூன்று வளையங்கள். இரும்புப் பொத்தான் வேண்டாம், அது சில்லென்று இருக்கும்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஒரு கையில் சோறு, ஒரு கையில் ஊசி. காலர்க்காரி ஒரு மூலை, காஜா போடுகிறவள் வளையம், பாவாடைக்காரிகள் நாலு பேர் பஞ்சு நழுவாதபடி ஊடே ஊடே ஓட்டுத்தையல். “ஏய், உன் தையல் கோணுது, பூதம் பாத்தா அவ்வளவுதான்!” “உன் முடிச்சுதான் பட்டாணி மாதிரி நிக்குது, முதல்ல அதைப் பாரு!” இப்படி ஒருத்தி காலை ஒருத்தி வாரிக்கொண்டே தைத்தார்கள். வேலை நேரத்தில் கூடாது என்ற மேஸ்திரி, சாப்பாட்டு நேரம் முடிந்து பத்து நிமிஷம் ஆனதைக் கடிகாரத்துக்கு முதுகு காட்டி நின்று பார்க்காமல் விட்டார். புதன்கிழமை கடைசி வளையம் விழுந்ததும் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். கத்திரி போர்வையை உயர்த்திப் பிடித்தாள். கூடத்துக்குள்ளே ஒரு துண்டு ஆகாசம் வந்து நின்றமாதிரி இருந்தது. உள்பக்கம்? அதுதான் தெரியாதே! மஞ்சள் பூவும் சிவப்புக் கோடும் சமர்த்தாக உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே கத்திரி ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றாள். போர்வையை மார்போடு அணைத்திருந்தாள். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஏழே முக்கால். எட்டு. எட்டு அடித்து ஐந்து நிமிஷம் தாண்டியதும் கதவருகிலேயே போய் நின்றாள். அப்போது கதவு திறந்தது. முன்னால் பூதம். பின்னால், கும்பிடு போடாத குறையாக அவள் வீட்டுக்காரர்.

“இன்னும் உள்ள போறதா முடிவு பண்ணல” என்றாள் பூதம், எடுத்த எடுப்பில். “குடு.”

நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினாள். முதலில் மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. ஒரு மூலையைத் தூக்கிக் கனம் பார்த்தாள். கனம் இல்லை. ஓரத்தையலை விரலால் தடவினாள். விரல் நுனிகள் மருந்தால் மரத்துப்போயிருந்ததால் மறுபடி புறங்கையால் தடவினாள். அடுத்து உள்பக்கத்தைப் புரட்டப் போகிறாள் என்று கத்திரி நினைத்த நேரத்தில் நர்ஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

“வாங்க, நாற்காலி ரெடி! ஆகா, இதென்ன, போர்வையா? சீக்கிரம் வாங்க, நானும் பாக்கணும்!”

பூதம் எழுந்து போனாள். முதல் கண்டம் தாண்டியது.

ஹாலில் எட்டு நாற்காலிகள், ஏழில் ஆட்கள். எல்லாக் கண்ணும் அந்த நீலத்தின் மேல். பூதம் சாய்ந்து உட்கார்ந்தாள். பாதங்களைப் பைக்குள் விட்டாள். விட்டதும் அவள் முகம் மாறியதே, அதைக் காண கத்திரி ஐந்து நாள் இல்லை, ஐந்து மாசம் வேண்டுமானாலும் தைப்பாள். நீலத்தைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, “யம்மா…” என்று நீளமாக ஒரு மூச்சு விட்டாள் பூதம். “கத்திரி, இது உள்ள யாரோ அடுப்பு மூட்டி வச்சிருக்காங்கடி.”

“இருடி, ஜன்னலைப் பாரு!” கத்திரிக்கு நிற்க முடியவில்லை. மூன்று பொத்தானையும் கழற்றி மூடியைத் திறந்தாள். “இதுல கையை வச்சா, நர்ஸம்மா பாட்டுக்கு…”

நர்ஸ் நின்றுவிட்டாள். “அது வலது கைங்க.”

“என்ன?”

“இவங்களுக்கு ஆபரேஷன் நடந்தது வலது பக்கம். அந்தக் கையில ஊசியே போடக் கூடாது. எப்பவும் இடது கைதான்.”

கத்திரி பூதத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மருந்துக் கம்பியைப் பார்த்தாள். கம்பி கத்திரியின் வலது கைப் பக்கம்தான் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நின்றது. தன் வலது கையைத் தூக்கினாள். எதிரே பூதத்தின் இடது கை. அவ்வளவுதான், தலையில் இடி இறங்கியது.

பதினேழு வருஷம்! பதினேழு வருஷமும் அவளை எதிரே வைத்தே பார்த்திருக்கிறாள். ஒருநாளாவது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்ததுண்டா?

“ஒரு நிமிஷம் இரு! இப்பவே இந்தப் பக்கம் ஒண்ணு வெட்டிடறேன்!” பைக்குள் கையை விட்டாள். “கத்திரிக்கோல் இருக்கு, ஊசி இருக்கு, பத்து நிமிஷம், இல்ல, ஏழு நிமிஷம்…”

“கத்திரி.”

“அஞ்சு நிமிஷம்டி!”

“கையை எடு பையிலேருந்து. பதட்டத்துல வெட்டினா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? காவலாளிச் சட்டைக்கு மூணு கை வெட்டினது மறந்துடுச்சா?”

பூதம் எழுந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிப்போனது. பூதம் பாதங்களைப் பையிலிருந்து உருவினாள். ‘போயிற்று, கிளம்பிவிட்டாள்’ என்று கத்திரி கண்ணை மூடிக்கொண்டாள்.

படாரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கத்திரிக்குத் தெரியும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்ட சத்தம்.

கண்ணைத் திறந்தாள். பூதத்தின் இரண்டு கைகளும் கால்பையின் மூலைகளுக்குள் இருந்தன. மரத்த விரல்களைப் பற்றி அந்தக் கைகளுக்குக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே உதறலில் போர்வை மொத்தத்தையும் உள்பக்கம் வெளியே வரப் புரட்டிவிட்டிருந்தாள்! நீலம் உள்ளே போயிற்று. மஞ்சள் பூக்களும் துண்டுகளும் பிள்ளை விரிப்பும் கும்பலாக வெளியே பாய்ந்து வந்தன. ஜன்னல்? வலது பக்கத்து ஜன்னல், சமர்த்தாக இடது பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

“சட்டையைத் திருப்பிப் போட்டா வலது கை இடது கைக்கு வரும். துணி வெட்டுறவளுக்கு இது தெரியாதா?” என்றாள் பூதம்.

நர்ஸ் கைதட்டிவிட்டாள். பூதம் மறுபடி காலை உள்ளே விட்டு, போர்வையை இழுத்து, இடது கையை ஜன்னல் ஓரம் வைத்தாள். அப்புறம் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். பட்டையாக, பளிச்சென்று, சிவப்புக் கோடுகள்.

“இது என்னடி? யாரோட துணி?”

கத்திரி அவள் காதில் சொன்னாள்.

பூதம் சிரித்தாள். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் போர்வை குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர். “மேஸ்திரியோட… அய்யய்யோ… பதினேழு வருஷமா அந்த ஆளு முன்னாடி நின்னு நடுங்கியிருக்கேன்… கடைசியில…” அடுத்த நாற்காலி அம்மாளுக்கு விஷயம் தெரியாது, இருந்தும் சிரித்தார். சிரிப்பு நாற்காலிக்கு நாற்காலி தாவிப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் கத்திரியின் கைபேசி அடித்தது. மேஸ்திரிதான்.

“போர்வை சரியா இருக்கா? உள்ள போயிட்டாங்களா?”

“இருக்கு சார், போயாச்சு சார்!”

“அது… உள்பக்கம்தானே?”

பூதம் கைபேசியை வாங்கிக்கொண்டாள். “சார், நல்லா இருக்கீங்களா? உங்க துணி நெஞ்சுக்கிட்டயே இருக்கு. ரொம்ப மெத்துனு இருக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தாள். பொய் இல்லை பாருங்கள்.

ஊசி ஏறியது. மருந்து சொட்டத் தொடங்கியது. நர்ஸ் ஜன்னலைத் திறந்து பார்த்தாள், மூடினாள், போனாள். கத்திரி ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டுவந்து முதல் தடவையாகப் பூதத்தின் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷத்துக்கு நடுவே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்காமல் இருந்துவிடலாம், ஆனால் அவளுக்குச் சும்மா இருக்கத்தான் தெரியாதே.

“தப்பு இருந்துச்சுதானேடி. இருந்தா திரும்பிடுவேன்னு சொன்னியே.”

“இருந்துச்சான்னா? ஒண்ணா, ரெண்டா!” பூதம் கண்ணாடியை மேலே ஏற்றினாள். “என் பையை எடு. சைடு ஜிப்புல பாரு.”

கத்திரி ஜிப்பை இழுத்தாள். உள்ளே சிவப்பு நூல்கண்டு. பூதம் லீவு போட்டு நாலு மாசம் ஆகிறது. வேலையில்லாத நாளிலும், ஆஸ்பத்திரிக்கும், வீட்டுக்கும், இவள் இதைச் சுமந்துகொண்டா திரிந்தாள்? கத்திரிக்கு அழத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? அந்த நிமிஷம் கொஞ்சம் கற்றுக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“முதல் தப்பு. புரட்டினதுல பொத்தான் உள்ள போயிடுச்சு. மணிக்கட்டுல இடிக்குது.” பூதம் வலது கையால் நூலைச் சுற்றினாள். விரல் நழுவியது. மறுபடி சுற்றினாள், நழுவியது. கத்திரி உதவிக்குக் கை நீட்டவில்லை. நீட்டினால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாலாவது தடவை நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பூதம் முடிச்சைப் போட்டுவிட்டாள். “ரெண்டாவது, இந்த மஞ்சப் பூகிட்ட தையல் கோணல். காலர்க்காரியோட வேலை, பாத்தாலே தெரியுது.” இன்னொரு முடிச்சு. “மூணாவது, இங்க ஒரு நூல் முனை வெட்டாம தொங்குது.” இன்னொன்று.

“அதை இப்பவே வெட்டிடறேனே.”

“கையை வைக்காதே!” அதட்டல் ஹால் முழுக்கக் கேட்டது. பழைய அதட்டல், மேசைக்கு அந்தப் பக்கத்து அதட்டல். “ஒரு தடவைக்கு ஒண்ணுதான் திருத்தணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை நான் ஊசிக்கு வர்றப்போ இங்க கொண்டு வா. நான் பாத்து அவிழ்க்கிறேன். நான் போட்ட முடிச்சை வேற யாரு அவிழ்ப்பா?”

கத்திரி மூன்று முடிச்சுகளையும் எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு.

“மொதல்ல பொத்தானை மாத்து” என்றாள் பூதம், மேஸ்திரியின் பைஜாமாவை மோவாய் வரை இழுத்துக்கொண்டு. “தூங்கும்போது இடிக்கும்.” சொல்லிவிட்டு, அந்த ஹாலில் முதல் தடவையாக, தூங்கிப்போனாள்.